பிளாஸ்திரி ஒட்டிய இடமெல்லாம் சிவப்பு, கொப்புளம்: மூட்டு அறுவைக்குப் பிறகு என்ன செய்வது?

தறிவீடு, அம்மாபேட்டை

என் மாமியாருக்கு வயது 68. குழித்தறியில் வெண்பட்டு நெய்தவர். மிதி மிதித்தே முழங்கால் தேய்ந்துவிட்டது. வலது காலில் மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். தையல் போட்ட இடம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். தொல்லையெல்லாம் அதைச் சுற்றித்தான்.

கட்டின் நான்கு ஓரத்திலும் துணிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். கட்டு மாற்ற வந்த இளைஞர் ஒரே இழுப்பில் உரித்தார். தொடையின் உட்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குத் தோலும் வெங்காயச் சருகுபோல் கூடவே வந்துவிட்டது. முழங்காலின் வெளிப்பக்கம், பிளாஸ்திரி முடிகிற ஓரத்தில் இரண்டு நீர்க்கொப்புளங்கள். மற்ற இடமெல்லாம் அளவெடுத்து வரைந்ததுபோல் பட்டையாகச் சிவந்து அரிக்கிறது. சித்திரை வெயிலும் சேர்ந்துகொண்டது. தூக்கத்தில் சொறிந்துவிடுவாரோ என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டே படுக்கிறேன்.

கேட்டால், “பிளாஸ்திரி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, போகப் போகச் சரியாகிவிடும்” என்கிறார்கள். நாளை மறுநாள் அடுத்த கட்டு. புண்ணான அதே தோலில் அதையே மறுபடியும் ஒட்டுவார்கள். “அறுத்த வலியைத் தாங்கிவிட்டேன், உரிக்கிற வலியைத் தாங்க முடியவில்லை” என்று அத்தை இப்போதே அழுகிறார். நான் அங்கே என்ன கேட்க வேண்டும்? வீட்டில் எதுவும் செய்யலாமா?

குகைவாசி

மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துச் சிவந்த இடத்தில் மட்டும் தடவுங்கள். எங்கள் வீட்டில் எல்லாப் புண்ணுக்கும் அதுதான். இரண்டே நாளில் காய்ந்துவிடும்.

ஓய்வுபெற்ற செவிலியர், அஸ்தம்பட்டி

மேலே சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்கிறார். ஆனாலும் வேண்டாம். உள்ளே செயற்கை மூட்டு வைத்த கால் அது. அங்கே கிருமி இறங்கினால் மறுபடி அறுவை வரை போக நேரிடும். எண்ணெயோ மஞ்சளோ விபூதியோ எதுவும் அந்தக் காலின் பக்கம் போகக் கூடாது. மருந்துக் கடையில் தரும் நியோமைசின் பவுடரும் களிம்பும்கூட, டாக்டர் எழுதித் தராமல் வேண்டாம். நியோமைசினே பலருக்கு ஒவ்வாமை தரும். அப்புறம் எது பிளாஸ்திரியால் வந்தது, எது மருந்தால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நீங்கள் எழுதியதில் மூன்று வெவ்வேறு தொல்லைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து “ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்லிவிட்டால் ஒன்றுக்கும் வழி பிறக்காது.

தொடையில் தோல் வந்தது உரித்த விதத்தால். வயதானவர்களுக்கு மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் இடையே பிடிப்பு குறைந்துவிடும். பசையின் பிடிப்பு அதைவிட வலுவாக இருந்தால் தோல்தான் விட்டுக்கொடுக்கும். அவர் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவரா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் தோலை மெலியவைக்கும்.

கொப்புளம் வந்தது ஒட்டிய விதத்தால். பிளாஸ்திரியை இழுத்துப் பிடித்து ஒட்டுவார்கள். அறுவைக்குப் பிறகு முழங்கால் வீங்கும், பிசியோதெரபிக்காக மடக்கவும் சொல்வார்கள். துணிப் பிளாஸ்திரி நீளாது. அடியில் தோல் விரிய, மேலே பிளாஸ்திரி அசையாமல் நிற்க, அந்த இழுவிசையில் ஓரத்தில் நீர் கோத்துக்கொள்ளும். இடுப்பு, முழங்கால் அறுவைகளில் நான் அடிக்கடி பார்த்தது இது. கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

மூன்றாவது, பட்டையான சிவப்பு. அரிப்பு இருப்பதால் ஒவ்வாமையாக இருக்கலாம். பழைய வகைத் துணிப் பிளாஸ்திரிப் பசையில் பைன் மரப் பிசின் சேர்ப்பார்கள். அது சிலருக்கு ஆகாது. புதிய வகைகளில் உள்ள அக்ரிலேட் என்ற செயற்கைப் பசைப் பொருளும் சிலருக்கு ஆகாது. வேறு காரணங்களும் உண்டு. அடியில் வியர்வை தேங்கினாலும் சிவக்கும். அயோடின் மருந்து காயுமுன் அவசரமாக மேலே ஒட்டினாலும் தோல் பொசுங்கும். பிளாஸ்திரி எடுத்த அரை மணி நேரத்தில் சிவப்பு மறைந்தால் பெரிதாக எதுவும் இல்லை. மறையாமல் நின்றால், அல்லது ஒட்டிய எல்லையைத் தாண்டிப் பரவினால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

உங்கள் மாமியாரிடம் ஒன்று கேளுங்கள்: ஸ்டிக்கர் பொட்டு வைத்து நெற்றி அரித்ததா, வெளுத்ததா? பொட்டுப் பசையில் இருக்கும் ஒரு வகை ரெசின் தோலை வெளுக்கவைப்பது தோல் மருத்துவர்களுக்குத் தெரிந்த சங்கதி. பசை ஆகாத உடம்பு என்று சந்தேகிக்க அது ஒரு தடயம்.

நாளை மறுநாள் கட்டைத் தொடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பஞ்சு வைத்த பேட் வைத்து, மேலே ரோல் பேண்டேஜ் சுற்றினால் தோலில் பசையே படாது. முழங்காலுக்கு அது தாராளமாக முடியும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சிலிக்கான் பசை உள்ள டேப் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் தோலை இழுக்காமல் வரும். அதற்கு முன் தோலில் தடவ, எரிச்சல் தராத பாதுகாப்புப் படலத் திரவம் இருக்கிறது. அது முழுதாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். பென்சாயின் டிங்சரை மட்டும் தடவ விடாதீர்கள். பிடிப்பைக் கூட்டுவதற்கான மருந்து அது, தானே ஒவ்வாமையும் தரும்.

உரிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஓரத்தை விரலால் மெல்லக் கிளப்பி, மறு கை விரல்களால் அடியிலுள்ள தோலை அழுத்திப் பிடித்து, பிளாஸ்திரியைத் தன்மேலேயே மடித்தபடி தோலை ஒட்டித் தாழ்வாக, முடி சாய்ந்திருக்கும் திசையில் இழுக்க வேண்டும். மேல்நோக்கித் தூக்கக் கூடாது. பசை நீக்கும் திரவம் அங்கே இருந்தால் கேட்டு வாங்குங்கள். அவசரப்படுகிறவரிடம் “கொஞ்சம் மெதுவாக” என்று சொல்வதில் கூச்சமே வேண்டாம். நோயாளியின் வீட்டார் அப்படிச் சொன்னால் நல்ல செவிலியர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காய்ச்சல், சீழ், நாற்றம், தையலைச் சுற்றிச் சூடு, பரவுகிற சிவப்பு, கெண்டைக்காலில் வீக்கத்தோடு வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். உடனே போங்கள்.

நாகலூர் காப்பித்தோட்டம், ஏற்காடு

சகோதரி, எனக்குக் குடலிறக்க அறுவை நடந்தபோது இதே கதைதான். தையல் ஆறிய பிறகும் வயிற்றில் அரிப்பு நிற்கவில்லை. தோல் மருத்துவர் ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை முதுகில் பட்டைபட்டையாக ஒட்டிப் பரிசோதித்தார். அதை 48 மணி நேரம் கழித்து எடுத்து, அதன் பிறகும் ஒரு முறை வரச்சொல்லிப் பார்ப்பார்கள். அத்தனை நேரமும் முதுகு நனையக் கூடாது, வேர்க்கவும் கூடாது. அதனால் காப்பிப் பழம் எடுப்பு முடியும்வரை பொறுத்திருந்து செய்துகொண்டேன். எனக்கு ஆகாதது அக்ரிலேட் என்று தெரிந்தது. இப்போது பல் டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் சொல்கிறேன், அவர்கள் பல்லுக்கு வைப்பதிலும் அந்த வகை இருப்பதால். உங்கள் மாமியாருக்குக் கால் நன்றாக ஆறட்டும், பிறகு இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

தறிவீடு, அம்மாபேட்டை

போய் வந்துவிட்டோம். கட்டைத் தொடுமுன் டாக்டரையே பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டேன். செவிலியர் அம்மா சொன்னபடியே மூன்றையும் தனித்தனியாகக் காட்டினேன். அவரும் குனிந்து நிதானமாகப் பார்த்தார். தையலில் கிருமி இல்லை என்று உறுதியாகச் சொன்னார். பேட் வைத்து ரோல் பேண்டேஜ் சுற்றியிருக்கிறார்கள். தோல் உரிந்த இடத்தில் ஒட்டாத வலைத்துணி. அரிப்புக்கு மாத்திரையும், தையலிலிருந்து தள்ளிச் சிவந்த இடத்துக்கு மட்டும் ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார்.

பொட்டு விஷயம் கேட்டேன். அத்தை பல வருஷமாகக் குங்குமம்தான். ஸ்டிக்கர் பொட்டு வைத்தால் நெற்றி அரிக்கும் என்பதால் விட்டுவிட்டாராம். அறுவைக்கு முன் “மருந்து ஏதாவது அலர்ஜியா?” என்று கேட்டார்கள், இல்லை என்றோம். பொட்டைப் பற்றி அங்கே சொல்லலாம் என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு சந்தேகம். ரோல் பேண்டேஜ் நடக்கும்போது நழுவிக் கணுக்காலுக்கு வந்துவிடுகிறது. மேல் ஓரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர், அஸ்தம்பட்டி

டேப்பைத் துணிமேல் துணியாக ஒட்டுங்கள், தோலில் ஒரு நூலளவும் படக் கூடாது. அதைவிட நல்லது, குழாய் வடிவில் வரும் மீள்வலை உறை. அளவு பார்த்து வாங்கிக் கட்டின் மேல் மாட்டிவிடலாம். இறுக்கம் கூடாது. கால் விரல்கள் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்றுங்கள். தையல் பிரித்த பிறகு சில இடங்களில் தழும்பின்மேல் காகிதப் பட்டை ஒட்டுவார்கள், அதிலும் பசை உண்டு. அன்றைக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஃபைலின் மேலட்டையில் “பிளாஸ்திரிப் பசை ஒவ்வாமை சந்தேகம்” என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதிவையுங்கள். இடது முழங்காலுக்கும் ஒரு நாள் அறுவை வரலாம் அல்லவா?