பரங்கிமலையா, பிருங்கிமலையா?

ஆலந்தூரான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: பிருங்கி முனிவர் தவம் செய்த மலை, அதனால் பிருங்கிமலை, அதுதான் பரங்கிமலையாகத் திரிந்ததாம். படித்ததும் காபி புரையேறிவிட்டது. போர்த்துகீசியர்களைப் பரங்கியர் என்றார்கள் நம் ஆட்கள். அவர்கள் 1523-இல் மலைமேல் தேவாலயம் கட்டினார்கள். அதனால் பரங்கிமலை. இதில் முனிவர் எங்கே வந்தார்?

நந்திதாசன்:
எழுதியது நான்தான். புரையேறினால் தண்ணீர் குடியுங்கள். பக்கத்து ஆதம்பாக்கத்தில் நந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. பிருங்கிக்குச் சிவன் நந்தியாகக் காட்சி தந்த தலம். பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

ஆலந்தூரான்:
நாற்பது வருடமாக அந்தக் கோயிலைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போகிறேன். சரி, கடலூர் பக்கம் போர்த்துகீசியர் குடியேறிய பரங்கிப்பேட்டையில் எந்த முனிவர் தவம் செய்தார்?

நந்திதாசன்:
அப்போ திருப்பரங்குன்றம்? சங்க காலத்திலேயே அது பரங்குன்றம். வாஸ்கோடகாமா வந்தா பேர் வைத்தான்?

ஆலந்தூரான்:
அது பரங்குன்றம், இது பரங்கி. கடைசி ‘கி’யைக் கவனித்தீர்களா? பரங்கிப்பேட்டைக்குப் பதில் வரவில்லை.

ஏட்டுச்சுவடி:
பறங்கி என்று வல்லின றகரம் போட்டும் எழுதுவார்கள். ஐரோப்பியரை அரபியும் பாரசீகமும் ‘ஃபரங்கி’ என்றன, அதன் வழியாக வந்த சொல். பறங்கிக்காய்க்கு ற, மலைக்கு மட்டும் ர என்ன நியாயம்?

நந்திதாசன்:
வந்துவிட்டார் வாத்தியார். மவுண்ட் ரோடு சண்டையிலும் இப்படித்தான் ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஏட்டுச்சுவடி:
அன்று நீங்கள் எழுதிய ‘அன்னா சாலை’யை எப்படிச் சும்மா விடுவது?

கிண்டிக்காரி:
பேரை விடுங்கள். இந்தப் பரங்கிமலைக்கு, அதான் தோமையார் மலைக்கு என்று சின்னமலை மெட்ரோவில் இறங்கி அலைந்தேன். அது சைதாப்பேட்டையாம்! மலை சென்னையில்தானே இருக்கிறது?

நந்திதாசன்:
சென்னையா? 2018 வரை ஆலந்தூரே காஞ்சிபுரம் மாவட்டம். தொண்டை மண்டல மலை, அதற்குத் தொண்டை மண்டலப் பேர்தான் இருக்கும்.

ஆலந்தூரான்:
மாவட்டத்தை மாற்றினால் மலை நகர்ந்துவிடுமா? 1802-இல் ஆங்கிலேய அதிகாரி லாம்டன் இந்தியாவை அளந்த பெரிய நிலஅளவைக்கு முதல் அடிக்கோடு போட்டதே இந்த மலையை வைத்துத்தான். அளந்த இடத்திலேயேதான் இருக்கிறது. நான் கேட்டது பரங்கிப்பேட்டை.

நந்திதாசன்:
வெள்ளைக்காரன் சங்கிலி பிடித்து அளந்தால் நம்புவீர்கள், தாத்தா சொன்னால் நம்பமாட்டீர்கள்.

ஆலந்தூரான்:
என் தாத்தாவும் இந்த ஊர்தான். அவர் பரங்கிமலை என்றுதான் சொன்னார்.

நந்திதாசன்:
காது சரியாகக் கேட்டிருக்காது.

ஆலந்தூரான்:
தாத்தாவை இழுக்காதீர்கள். பரங்கிப்பேட்டை. எந்த முனிவர்?

கிண்டிக்காரி:
மலையேற எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்று யாராவது சொல்வீர்களா, மாட்டீர்களா?