ரோப் கார்ல போயிட்டு வந்தேன், சாமிகிட்ட என்ன கேட்டேன்னே ஞாபகம் இல்ல

மூஞ்சிக்கல்காரன்:
வணக்கம் மக்களே. வயசு 36, சொந்த ஊரு கொடைக்கானல்ல மூஞ்சிக்கல் ஏரியா, பத்து வருஷம் பெங்களூர்ல ஐடியில குப்ப கொட்டிட்டு இப்ப ஊர்ல வீட்ல இருந்தே வேல. வீடு கட்டியாச்சு, கீசர், ரூம் ஹீட்டர், கார் எல்லாம் இருக்கு, ஒரு கொறையும் இல்ல. போன மாசம் பழனி போனோம். ரோப் கார்ல ஏறி கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள மேல, ஸ்பெஷல் டிக்கெட்ல தரிசனம், பஞ்சாமிர்த டப்பாவ வாங்கிட்டு கீழ வந்து கார்ல ஏசி போட்டு உக்காந்தப்பதான் உறைக்குது, சாமி முன்னாடி நின்னு என்ன கேட்டேன்னே நெனவில்ல. எங்க தாத்தா தைப்பூசத்துக்கு இங்கேருந்தே செருப்பில்லாம நடந்து போவாரு, படி 693-யும் ஏறி எறங்கிட்டு வந்து ஒரு வாரம் கால் வீங்கிக் கெடப்பாரு, ஆனா அந்த ஒரு வாரமும் மனுசன் மூஞ்சியில ஒரு தெளிவு இருக்கும் பாருங்க, அது எனக்கு இந்த ஹீட்டர் முன்னாடி ஒரு நாளும் வந்ததில்ல. இப்ப நான் என்ன பண்ணணும், வேலைய விட்டுட்டு எங்கயாச்சும் ஆசிரமம் போகணுமா? சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் கேக்குறேன்.

காவடி மாமா:
தம்பி, ரோப் கார் மேல தப்பில்ல, 2004ல அது வந்ததுல இருந்து முட்டி தேஞ்ச எங்கம்மா மாதிரி ஆளுங்க மல ஏற முடியுது. ஆனா ஒன்னு, ரோப் கார்ல போனா இடும்பன பாக்காமலே போயிருவ, அவர் சன்னதி படி வழியிலதான இருக்கு. அகத்தியர் சொன்னாருன்னு சிவகிரி சக்திகிரி ரெண்டு மலையையும் தோள்ல தூக்கிட்டு வந்த ஆளு. வேண்டுதல்ல பாதிப் பேரு "எனக்குக் குடு"ன்னு கேப்பாங்க, அவன் கேட்டது என்ன தெரியுமா, என்ன மாதிரி சொமந்துட்டு வர்றவனுக்கு அருள் பண்ணு, நான் வாசல்ல காவலுக்கு நிக்கிறேன்னு. நான் 19 வருஷமா காவடி எடுக்குறேன், மொத மூனு வருஷம் பிரமோஷனுக்காகத்தான் எடுத்தேன், பொய் சொல்லல. வந்தது பிரமோஷன் இல்ல, கொப்புளம்தான். வழியில பந்தல்ல ஒரு பெரியவர், முன்னப்பின்ன தெரியாது, என் காலத் தூக்கித் தன் மடியில வெச்சு ஊசிய நெருப்புல காட்டி கொப்புளத்தக் குத்தி, தேங்கா எண்ணெ தடவி விட்டாரு. கால இழுத்துக்கலாம்னு பாக்குறேன், விடல. அடுத்த வருஷத்துல இருந்து நான் ஒன்னும் கேக்குறதில்ல. ஆசிரமம்லாம் வேணாம், தைப்பூசத்துக்கு நடந்து வா.

சும்மா_ஒருத்தன்:
நான் கொஞ்சம் எடக்காப் பேசுறேன், மன்னிச்சிருங்க. எங்கப்பாவும் வருஷா வருஷம் மால போட்டு நடந்தாரு, ஊரே கால்ல விழும். வீட்ல எங்கம்மா காய்ச்சல்ல கெடந்தப்ப ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்ததில்ல. கஷ்டப்பட்டா அர்த்தம் வந்துரும்னா தேயில எஸ்டேட்ல அட்டக் கடியில நிக்கிற பொம்பளைங்க எல்லாம் ஞானி ஆகியிருக்கணும் ப்ரோ. வேலைய மட்டும் விட்றாதீங்க, EMI-ய முருகன் கட்ட மாட்டாரு.

ரிட்டயர்டு நர்ஸ்:
மேல பேசுன தம்பி சொன்னது நெசம், எனக்கு கோவம் வரல. நான் சர்ச்சுக்குப் போற கிறிஸ்தவ பொம்பள, கொடைக்கானல்தான். ஐடா ஸ்கடர் அம்மா 1960ல நம்ம ஊர்லதான் கண்ண மூடுனாங்க, தெரியுமா. பொண்ணா இருந்தப்ப திண்டிவனத்துல அப்பா அம்மாவோட கொஞ்ச நாள் இருந்துட்டு அமெரிக்கா போயி வசதியா செட்டிலாயிறணும்னுதான் இருந்தாங்க. ஒரே ராத்திரியில மூனு வீட்டு ஆம்பளைங்க பிரசவத்துக்குக் கூப்பிட வந்தாங்க, இந்தம்மா அப்ப டாக்டர் இல்ல, டாக்டரான அவங்க அப்பா வர்றேன்னா ஆம்பள டாக்டர் கூடாதுன்னுட்டாங்க, விடிஞ்சா மூனு பொண்ணும் செத்துப்போச்சு. அதுக்கப்புறம் போயி டாக்டருக்குப் படிச்சு வந்து 1900ல வேலூர்ல ஒத்தக் கட்டில்ல ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு சிஎம்சி ஆஸ்பத்திரி. எல்லாரும் அந்த ஒரு ராத்திரியத்தான் சொல்வாங்க, அதுக்கப்புறம் அம்பது வருஷம் சீழும் ரத்தமும் தொடச்சத யாரு சொல்றா.

எங்க தெருவுல ஒரு தாத்தா பக்கவாதத்துல படுக்கையில இருக்காரு, பையன் வெளியூர். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க பெரட்டிப் போடலைன்னா முதுகு புண்ணாயிரும். நான் காலையில போறேன், ஒத்த ஆளா முடியல. சில நாள் எரிச்சலா வரும், ஜெபம் பண்ண வாய் வராது, அப்பயும் பெரட்டித்தான் ஆகணும். நீ மூஞ்சிக்கல்னா பக்கம்தான தம்பி.

மூஞ்சிக்கல்காரன்:
ஆன்ட்டி, உண்மையச் சொன்னா படிச்சதும் மொபைல கீழ வெச்சுட்டேன். எனக்கு வாடையெல்லாம் ஒத்துக்காது, கொமட்டும். இருந்தாலும் சனிக்கிழம வந்து பாக்கட்டுமா? ஒரு நாள் வந்துட்டு ஓடிருவேனோன்னும் பயமா இருக்கு.

ரிட்டயர்டு நர்ஸ்:
எனக்கும் முப்பது வருஷமா கொமட்டிட்டுத்தான் இருக்கு. ஆறரைக்கு வந்துரு, பனி இருக்கும், ஸ்வெட்டர் போட்டுக்கோ. அட்ரஸ இங்க போட மாட்டேன், தனியா மெசேஜ் பண்ணு. நகத்த வெட்டிட்டு வா, அவர் தோலு பேப்பர் மாதிரி இருக்கு.