மாத்திரை வாங்க வராமல் நின்றுவிட்டவர்களிடம் எப்படிக் கேட்பது?

நித்யா:
வணக்கம். சமூகப்பணி முதுகலை இறுதியாண்டு மாணவி. மாவட்ட மனநலத் திட்டத்தின் புறநோயாளி முகாம் ஒன்றை மதிப்பீடு செய்வதுதான் என் ப்ராஜெக்ட். டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் படிவத்தைக் கொடுத்தால் எல்லோரும் 'திருப்தி' என்றே சொல்கிறார்கள். ஆனால் தொடர்ந்து வராதவர்களில் செங்கல் சூளையில் வேலை செய்யும் இருளர்கள், தூய்மைப் பணியாளர்கள், திருநங்கைகள் என்று நிறையப் பேர் இருப்பதாக முகாம் ஊழியர்களே சொல்கிறார்கள். வந்தவர்களிடம் கேட்டால் போதும் என்கிறார் வழிகாட்டி ஆசிரியர். எனக்கு மனம் ஒப்பவில்லை. வராதவர்களிடம் எப்படிப் போவது, என்ன கேட்பது?

செல்வி, திருவள்ளூர்:
நித்யா, அந்தத் 'திருப்தி'யை அப்படியே எடுத்துக்கொள்ளாதீங்க. அடுத்த மாத மாத்திரையை அதே இடத்தில்தான் வாங்க வேண்டும். அங்கேயே நின்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்?

இங்கே சூளைகளில் இருளர் குடும்பங்களோடு நெடுநாளாக வேலை செய்கிறேன். செங்கல் அறுப்பவர்கள் நடுராத்திரி தாண்டியதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று. மனச்சோர்வைக் கண்டறியும் கேள்வித்தாளில் கடந்த இரண்டு வாரமாகத் தூக்கம் எப்படி, அசதி இருக்கிறதா என்று கேட்பார்கள் இல்லையா? ஒரு அம்மா பட்டென்று சொன்னார்: "தூங்க விட்டாத்தானே தூக்கம் வருதா வரலையான்னு தெரியும்." அவர் தாளில் ஏறுகிற மதிப்பெண்ணில் நோய் எவ்வளவு, சூளை எவ்வளவு? கேள்விகளை எழுதும்போதே அவர்கள் கூட உட்கார்ந்தால்தான் இதெல்லாம் வெளியே வரும். எழுதி முடித்துக் கொண்டுபோய் 'சரியா இருக்கா' என்று கேட்டால் தலையாட்டிவிடுவார்கள்.

அப்புறம், அட்வான்ஸ். முன்பணம் வாங்கி வந்தவர்கள் ஓனரைக் கேட்காமல் வெளியே காலெடுத்து வைக்க முடியாது. முகாமுக்குப் போனால் அன்றைய கல் போச்சு. மழை பிடித்தால் சூளை நிற்கும், சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், சீட்டும் பதிவேடும் இங்கேயே கிடக்கும். இத்தனைக்கும் நடுவில் போய் 'ஏன் வரலை' என்று கேட்டால் குற்றம் சாட்டுகிற மாதிரிதான் இருக்கும். 'முகாமுக்கு வரணும்னா அன்னைக்கு எதையெல்லாம் விடணும்?' என்று கேட்டுப் பாருங்க, பேசுவார்கள். ஆனால் சூளைக்குள் வைத்துக் கேட்கவே கூடாது. மேஸ்திரி காதில் விழுந்து 'பைத்தியத்துக்கு மாத்திரை சாப்பிடுது' என்று பேர் வந்துவிட்டால் அடுத்த சீசனுக்கு அந்தக் குடும்பத்தையே கூப்பிட மாட்டார்கள். வாரச் செலவுப் பணத்தோடு சந்தைக்கு வருகிற நாள்தான் சரி. பேசுகிற நேரத்துக்குக் கூலி கொடுங்க.

மதி:
நான் திருநங்கை. ஓபி வரிசையில் என் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது. அதோடு போவதை நிறுத்திவிட்டேன். டாக்டர் நல்லவர், நிதானமாகக் கேட்பார், அதையும் சொல்லத்தான் வேண்டும். உங்கள் படிவத்தில் டாக்டரைப் பற்றித்தான் கேள்வி இருக்கும். சீட்டு போடும் இடம், வாட்ச்மேன், மருந்து கொடுக்கும் ஜன்னல், இதெல்லாம் இருக்கிறதா? எங்களில் நிறையப் பேர் டாக்டர் அறை வரைக்கும் போய்ச் சேருவதே இல்லை.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவைப் படியுங்கள். சாதி, மதம், பாலினம், பாலின ஈர்ப்பு என்று பெயர் சொல்லியே, எந்தப் பாகுபாடும் இல்லாமல் சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது. 'திருப்தியா?' என்பதை எடுத்துவிட்டு, அந்த உரிமை எந்த இடத்தில் மறுக்கப்பட்டது என்று கேளுங்கள். கேட்பவரும் எங்களில் ஒருவராக இருக்கட்டும்.

ஸ்டாஃப் நர்ஸ்:
மதி சொன்னது மனதைப் பிசைகிறது. கூப்பிட வேண்டிய பெயரைச் சீட்டிலேயே எழுதி வைக்க ஒரு நிமிஷம் ஆகாது. ரிவ்யூ மீட்டிங்கில் எங்களிடம் கேட்பது எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையைத்தான். யார் நின்றுபோனார், ஏன் என்று கேட்டதே இல்லை.

உங்கள் ஆசிரியரிடம் மனநல சேவைகளின் தரத்தையும் அங்கே உரிமைகள் மதிக்கப்படுகிறதா என்பதையும் மதிப்பிட உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட 'குவாலிட்டி ரைட்ஸ்' கருவித்தொகுப்பைக் காட்டுங்க. மதிப்பீட்டுக் குழுவிலேயே மனநோயை அனுபவித்தவர்கள் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒன்று மட்டும்: பதிவேட்டிலிருந்து முகவரியை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விடாதீங்கம்மா. அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தெரிந்த ஆள் மூலமாக முதலில் சம்மதம் கேளுங்க.

நித்யா:
எல்லோருக்கும் நன்றி. செல்வி அக்கா, கூலி கொடுத்தால் பதிலைக் காசுக்கு வாங்குவதாகிவிடாதா என்று ஆசிரியர் கேட்பாரே?

செல்வி, திருவள்ளூர்:
அவங்க வேலையை விட்டுட்டு உட்கார்றாங்க, அதுக்கான ஈடு அது. முகாமைத் திட்டினாலும் அதே கூலி, பாதியில் எழுந்து போனாலும் அதே கூலி என்று ஆரம்பத்திலேயே சொல்லிடுங்க. ஆய்வுக் குழுவுக்குத் தருகிற தாளிலும் அப்படியே எழுதுங்க. சம்மதம் கேட்கும் வேலையை எங்கள் ஆட்களே செய்வார்கள். கேள்வித்தாளை இன்னும் அச்சடிக்கலை என்றால் வெறும் நோட்டோடு சந்தைக்கு வாங்க. இரண்டு மூன்று அம்மாக்களை உட்கார வைக்கிறேன், அங்கேயே எழுதலாம்.