புதுப்பிப்பு: மணவாளக்குறிச்சி மணலும் புற்றுநோயும், மீட்டர் கணக்கு

குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில், இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ள கருமணல் கரையில் வாழ்ந்தால் புற்றுநோய் வருமா என்ற முந்தைய இழைக்குப் பிறகு, பலர் கையடக்கக் கதிர்வீச்சு மீட்டரின் படங்களை அனுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் மீட்டர் மணல்மேலேயே கிடக்கிறது. அப்படி வைத்தால், அருகில் மட்டுமே எட்டும் பீட்டா கதிரும் சேர்ந்து எண் ஊதிவிடும். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடித்து, சில நிமிடச் சராசரியை எடுங்கள். வீட்டுக்குள்ளும் தனியாக அளக்க வேண்டும். நாளில் பெரும்பொழுது அங்கேதான் கழிகிறது.

மீட்டர் காட்டுவது மணிக்கு 0.5 மைக்ரோசீவர்ட் (உடல் வாங்கும் கதிரளவின் அலகு) என்றால், 8,760 மணி நேரத்தால் பெருக்க ஆண்டுக்கு சுமார் 4.4 மில்லிசீவர்ட். இதை இயற்கைக் கதிரின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட்டுடன் ஒப்பிடாதீர்கள். அந்த 2.4-இல் பாதிக்குமேல் மூச்சில் போகும் ரேடான் என்ற கதிரியக்க வாயு வகையறா. அதை இந்த மீட்டர் காட்டாது. நிலமும் விண்வெளியும் தரும் வெளிக்கதிர் மட்டும் சுமார் 0.9. ஒப்பீடு அதனோடுதான்.

ஆய்வு என்ன சொல்கிறது? இதே மோனசைட் (தோரியம் கொண்ட கனிமம்) மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் 69,958 பேரை சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்தார்கள். முடிவு 2009-இல் வெளிவந்தது. பீடிப் பழக்கத்தையும் கணக்கில் எடுத்தபின், 1,379 புற்றுநோய்களில் கதிரளவோடு சேர்ந்து ஏறும் போக்கு தெரியவில்லை. ரத்தப் புற்றுநோய் மட்டும் வேறு கதை: மொத்தம் 30 பேர்தான். அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து 'ஆபத்தே இல்லை' என்று அடித்துச் சொல்வது அவசரம். 'மணல்தான் காரணம்' என்பதற்கும் அதில் ஆதாரம் இல்லை.

குமரி மாவட்டத்தின் கிள்ளியூர் பக்கம் மணல் அள்ளினால் ஆபத்தா என்ற கேள்விக்கு இந்த ஆய்வு பதிலாகாது. அது ஊரில் குடியிருந்தோரின் வெளிக்கதிரை அளந்தது. மணல் பிரிக்கும் இடத்தில் தூசியைச் சுவாசிப்பவரை அல்ல.