கம்பி கட்டும் வேலையில் இடுப்பு வலி, பெல்ட் போட்டால் போதுமா?

மில்_தொழிலாளி:
வணக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ரோலிங் மில்லில் ஒன்பது வருடமாகக் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறேன். டிஎம்டி கம்பி ஆறி வந்து தரையில் குவியும், ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்துப் போட்டு, எண்ணி, குனிந்தபடியே கட்டுக்கம்பி முறுக்க வேண்டும், ஷிப்ட் முழுக்க இதேதான். ஆறு மாதமாக இடுப்பில் பிடிப்பு. இப்போது வலது கெண்டைக்கால் வரை இழுக்கிறது. மேஸ்திரி ஒரு இடுப்பு பெல்ட் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். அது உதவுமா? வயது 34தான், வேலையை விட முடியாது.

பழைய_ஃபிட்டர்:
தம்பி, பெல்ட்டை நம்பிக் குனியாதே. முதுகில் அடிபடாமல் அது காக்கும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் (NIOSH) 1994லேயே சொல்லிவிட்டது. நம் கணக்கையே போட்டுப் பார்: கம்பி விட்டத்தின் (மி.மீ.) வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும், அப்படி 16 மி.மீ. கம்பி 12 மீட்டருக்கு கிட்டத்தட்ட 19 கிலோ. மூன்றைச் சேர்த்து இழுத்தால் ஆளுக்கு 28 கிலோ. எவ்வளவு எடை தூக்கலாம் என்பதற்கான நயோஷ் சூத்திரத்தில் எல்லாம் தோதாக இருந்தாலும் 23 கிலோதான் உச்சம், அதுவும் சுமை 75 செ.மீ. உயரத்தில் உடம்பை ஒட்டி இருந்தால். தரையிலிருந்து எடுத்தால் அந்த ஒரு காரணத்துக்கே 18க்குக் கீழே இறங்கிவிடும், அப்புறம் எட்டிப் பிடிப்பது, திரும்புவது, ஓயாமல் செய்வது எல்லாம் சேர்ந்து இன்னும் குறைக்கும்.

கோளாறு உன் முதுகில் இல்லை, தரையில் வேலை வைத்திருப்பதில்தான். நாங்கள் ஸ்கிராப்பில் கிடந்த இரும்புச் சேனலை (‘ப’ வடிவச் சட்டம்) வெட்டி, இடுப்பு உயரத்துக்கு ஸ்டாண்டு வெல்டிங் செய்து வைத்தோம். கிரேனில் கம்பியை அதன்மேல் இறக்கிவிட்டால் நின்றபடியே கட்டலாம்.

பிசியோ_சேலம்:
கால் வரை இழுக்கிறது என்றால் நரம்பு அழுந்தியிருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் காண்ட்ராக்ட் ஆளுக்கும் இஎஸ்ஐ உண்டு. என்ன வேலை, எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம் குனிகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள். பாதம் தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, இரு தொடைக்கு நடுவே மரத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கிரேன்_ஆபரேட்டர்:
தூக்குகிறவர்களுக்கு மட்டும் இல்லை சார். எனக்கு மேலே கேபினில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் கீழே எட்டிப் பார்த்தே கழுத்து போய்விட்டது. கிரைண்டிங்கில் இருக்கும் பையன்களுக்கு அதிர்வில் விரல் மரக்கிறது, ராத்திரி டம்ளர் பிடிக்கக்கூட முடியவில்லை என்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றக் கேட்டு எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். தனியாகக் கேட்காதீர்கள்.

மில்_தொழிலாளி:
ரொம்ப நன்றி. நாளைக்கு லீவு போட்டு இஎஸ்ஐ போகிறேன். ஃபிட்டர் அண்ணா, அந்த ஸ்டாண்டு அளவு கொஞ்சம் சொல்லுங்கள், எங்கள் யார்டிலும் பழைய சேனல் கிடக்கிறது.