ஃபைபர் இருக்கும்போது டிராஃபிக் ஏன் ரேடியோ வழியே போகிறது? (ஆர்.எஸ்.டி.பி. சந்தேகம்)

ஆலைக்காரன்:
வணக்கம். எங்கள் அரிசி ஆலையில் சாலைக்கு இந்தப் பக்கம் அலுவலகம், அந்தப் பக்கம் குடோன். நடுவில் ஃபைபர், இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் சாதாரண காப்பர் கேபிளையும் இணைக்கும் பெட்டி). போன மழைக்காலத்தில் ஜேசிபி தோண்டி ஃபைபரை அறுத்துவிட்டது. நான்கு நாள் குடோனில் பில் போட முடியவில்லை. அதனால் மாற்று வழியாக மொட்டைமாடியில் ஒரு ஜோடி 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை பிரிட்ஜ் முறையில் போட்டோம்.

இரண்டையும் சேர்த்துச் செருகியதும் சுவிட்ச் விளக்குகள் எல்லாம் படபடவென்று அடித்து, நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிட்டது. அலுவலக சுவிட்ச் மேனேஜ்டு வகை, அதாவது செட்டிங் மாற்றலாம். அதில் ஆர்.எஸ்.டி.பி.யை (எஸ்.டி.பி.யின் வேகமான வடிவம்; இரண்டு வழி சேர்ந்து வட்டமாகிவிட்டால் ஒன்றை அடைத்து வைக்கும்) ஆன் செய்ததும் அடங்கியது. குடோனில் இருப்பது செட்டிங் எதுவும் இல்லாத சாதாரண 8 போர்ட் சுவிட்ச்.

இப்போதைய தொல்லை: ஃபைபர் 24-ம் போர்ட்டில், ரேடியோ 3-ம் போர்ட்டில். சுவிட்ச் 24-ஐ அடைத்துவிட்டு ரேடியோவைத் திறந்து வைத்திருக்கிறது. கேமரா படம் திக்கித் திக்கி வருகிறது. 3-ம் போர்ட்டின் பாத் காஸ்ட்டை (அந்த வழியின் 'செலவு' எண்) 20000-லிருந்து 200000 ஆக்கினேன், அசையவே இல்லை. எங்கே தப்பு?

கேபிள்சாமி:
காஸ்ட் போதவில்லையோ என்னவோ. 20 லட்சம் வைத்து, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

ஆலைக்காரன்:
இரண்டும் ஆயிற்று சார். அதே கதை.

மணல்வீடு:
எஸ்.டி.பி.யை விடுங்கள். இரண்டையும் லிங்க் அக்ரிகேஷனில், அதாவது ஒரே இணைப்பு போல, கட்டிவிடலாமே?

நீலவால்குருவி:
குடோன் சுவிட்சுக்கு அது தெரியாதே. தெரிந்தாலும், ரேடியோவின் ஈதர்நெட் போர்ட் ஒரு கிகாபிட் என்றுதான் சொல்லும், காற்றில் போகும் வேகம் அதைவிடக் குறைவு. பாதி கேமரா ஃபைபரிலும் பாதி ரேடியோவிலுமாகப் பிரிந்து, பாதிப் பேர் மட்டும் திக்குவார்கள்.

ஆலைக்காரரே, காஸ்ட் என்பது ரூட் பிரிட்ஜுக்கு, அதாவது தலைமை சுவிட்சுக்கு, போய்ச் சேர ஆகும் செலவு. உங்கள் நெட்வொர்க்கில் ஆர்.எஸ்.டி.பி. பேசுவது ஒரே சுவிட்ச், அதுவே ரூட். ரூட்டிலிருந்து ரூட்டுக்குச் செலவு பூஜ்யம், ஆகவே நீங்கள் எழுதிய எண்ணை அது பார்ப்பதே இல்லை. 3-ல் அனுப்பிய பி.பி.டி.யு. (ஆர்.எஸ்.டி.பி. அனுப்பும் அறிவிப்புக் கடிதம்) குடோனைச் சுற்றிக்கொண்டு 24-க்குத் திரும்பி வருகிறது. 'அட, இது என் கடிதமேதான்' என்று தெரிந்து, போர்ட் ஐடி சிறியதாக உள்ள 3-ஐ வைத்துக்கொண்டு 24-ஐ அடைத்து பேக்கப் ஆக்கிவிடுகிறது. மாற்ற வேண்டியது போர்ட் பிரையாரிட்டி. 24-க்கு 128-லிருந்து 64 ஆக்குங்கள், இடம் மாறிவிடும்.

இதோடு நிறுத்தலாம், ஆனால் நான் நிறுத்தமாட்டேன். இப்போது நடக்கிற ஏற்பாடு அதிர்ஷ்டத்தில் நிற்கிறது. பி.பி.டி.யு. போகும் முகவரியை பிரிட்ஜுகள் கடத்தக் கூடாது என்பதுதான் விதி. மலிவு சுவிட்சுகளில் பல அதைக் கண்டுகொள்ளாமல் கடத்துகின்றன, உங்களுடையதும் அந்த ரகம். நாளை அது புகைந்து, கடத்தாத வேறொன்றை வாங்கி மாட்டினால் பழைய புயல் திரும்ப வரும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு (தரவுப் பொட்டலம்) இத்தனை தாவலோடு சாக வேண்டும் என்ற ஆயுள் எண்ணிக்கை கிடையாது, சுற்ற ஆரம்பித்தால் யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றும்.

அப்புறம் வேகம். ஃபைபர் அறுந்தால் பேக்கப் போர்ட் மூன்று ஹலோ (2 நொடிக்கு ஒரு பி.பி.டி.யு.), அதாவது 6 நொடி காத்திருக்கும். பிறகு எதிர்முனையில் ஒப்புதல் சொல்ல ஆள் இல்லாததால் 15 + 15 நொடி கழித்தே திறக்கும். 1985-ல் டிஇசி நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் எஸ்.டி.பி.யை உருவாக்கிய காலத்தில் அது பெரிய தாமதமாகத் தெரிந்திருக்காது. பில் போடும் இடத்தில் அரை நிமிடத்துக்கு மேல் என்றால் சண்டை வரும்.

குடோனிலும் ஆர்.எஸ்.டி.பி. உள்ள சுவிட்ச் போடுங்கள். அலுவலக சுவிட்சின் பிரிட்ஜ் பிரையாரிட்டியை 32768-லிருந்து 4096 ஆக்கி ரூட்டை உறுதி செய்யுங்கள். ரேடியோ காஸ்ட் 200000-ஐ குடோன் பக்கத்தில் எழுதுங்கள், அங்கேதான் அதற்கு மரியாதை. கம்ப்யூட்டர், கேமரா போர்ட்டுகளுக்கு எட்ஜ் (எதிரே சுவிட்ச் இல்லை, காத்திராமல் திற என்ற செட்டிங்) வையுங்கள்.

ஆலைக்காரன்:
நன்றி அண்ணா. பிரையாரிட்டி மாற்றியதும் ஃபைபர் திறந்துகொண்டது, கேமரா தெளிவு. குடோனுக்கு சுவிட்ச் ஆர்டர் போட்டுவிட்டேன்.

(ஒரு வாரம் கழித்து)

ஆலைக்காரன்:
புது சுவிட்ச் மாட்டியாயிற்று, நீங்கள் சொன்னபடியே. ஃபைபரைப் பிடுங்கிப் பார்த்தேன்: ஆறு பிங் (நொடிக்கு ஒன்றாகப் போகும் சோதனைச் செய்தி) தொலைந்து, பிறகு ரேடியோவில் வந்தது. 36 நொடிக்கு இது சொர்க்கம். ஆனால் ஆர்.எஸ்.டி.பி. ஒரு நொடிக்குள் மாறும் என்கிறார்களே?

நீலவால்குருவி:
மீடியா கன்வெர்ட்டர்தான். ஃபைபர் போனாலும் சுவிட்ச் பக்கத்துக் காப்பர் லிங்க்கை அது உயிரோடு வைத்திருக்கிறது, அதனால் சுவிட்சுக்குச் சாவுச் செய்தி வர 6 நொடி. கன்வெர்ட்டரின் ஓரத்தில் சின்ன டிப் சுவிட்ச் வரிசை இருக்கிறதா பாருங்கள். லிங்க் ஃபால்ட் பாஸ் த்ரூ (ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்க லிங்க்கையும் அணைப்பது), சுருக்கமாக எல்.எஃப்.பி. என்று ஒன்று இருந்தால் இரண்டு முனையிலும் ஆன் செய்யுங்கள்.

ஆலைக்காரன்:
இருந்தது, ஆன் செய்தேன். இப்போது ஒரே ஒரு பிங்தான் தொலைகிறது. பில் போடும் அக்காவிடம் சொல்லாமலே மூன்று முறை பிடுங்கினேன், அவருக்குத் தெரியவே இல்லை.