சோஹோவில் லாஃப்ட் வீடு: "ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டால் போதும்" என்பது சரியா?

கேள்வி

வணக்கம். ஜெர்சி சிட்டியில் இருக்கும் எங்கள் வீட்டை விற்றுவிட்டு நியூயார்க்கில் குடியேறலாம் என்று நானும் என் மனைவியும் ஓராண்டாக வீடு பார்த்து வருகிறோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மன்ஹாட்டனின் சோஹோ பகுதியில், வார்ப்பிரும்பு முகப்புள்ள ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் நான்காம் தளத்தில் ஒரு லாஃப்ட் பார்த்தோம்; பழைய ஆலை, கிடங்குத் தளத்தை அப்படியே வீடாக மாற்றியதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். 1,900 சதுர அடி, கேட்கும் விலை 34 லட்சம் டாலர், கட்டடம் கோ-ஆப், அதாவது குடியிருப்பவர்களே பங்குதாரர்களாக உள்ள கூட்டுறவு. லிஃப்ட் கதவு திறந்தால் நேரே கூடத்தில் கால் வைக்கிறோம். தெருப்பக்கம் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட நான்கு சன்னல்கள், நடுவில் வரிசையாக இரும்புத் தூண்கள், தலைக்கு மேலே பூவேலை அச்சிட்ட பழைய தகரக் கூரை. என் மனைவி ஓவியர். பத்தடி நீளத் துணியை விரித்து வரைபவர். உள்ளே நுழைந்ததும் அவர் சுவரை அடியால் அளக்கத் தொடங்கிவிட்டார்.

என் ஐயம் வேறு. விளம்பரத்தின் கடைசி வரியில், இந்த வீட்டில் கலைஞர்கள் மட்டுமே வசிக்கலாம் என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. தரகரைக் கேட்டபோது, அது பழைய விதி என்றும், வாங்குபவர்கள் எல்லோரும் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டுக் குடியேறுகிறார்கள் என்றும் சொன்னார். அவ்வளவுதானா? வீட்டை நன்றாகப் பார்த்தாலே போதும் என்று எண்ணியிருந்த எங்களுக்கு, இப்போது எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

முதல் பதில்

அந்தக் கடிதம் உங்களைக் காக்காது, கட்டடத்தைத்தான் காக்கும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதே பகுதியில் ஒரு கோ-ஆப் வீட்டில் வசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். விதி தெரிந்தே வாங்குகிறேன், பின்னால் சிக்கல் வந்தால் கோ-ஆப் பொறுப்பல்ல என்று நீங்கள் எழுதிக் கொடுப்பதுதான் அதன் சாரம்.

விதி எப்படி வந்தது என்று தெரிந்தால் அதன் வலு புரியும். இந்தக் கட்டடங்கள் வீடுகளாகக் கட்டப்பட்டவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துணிக்கடைகளாகவும் கிடங்குகளாகவும் சிறு ஆலைகளாகவும் எழுந்தவை. பிராட்வேயும் புரூம் தெருவும் சந்திக்கும் முனையில் இருக்கும் ஹாவவுட் கட்டடத்தில்தான் 1857இல் எலிஷா ஓட்டிஸின் பயணிகள் லிஃப்ட் பொருத்தப்பட்டது. தொழில்கள் வெளியேறிய பிறகு, வாடகை மலிவாக இருந்த அந்த வெற்றுத் தளங்களில் கலைஞர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் குடிவந்தார்கள். கலைஞர் ஜார்ஜ் மச்சூனஸ் 1967இல் ஊஸ்டர் தெரு 80ஆம் எண் கட்டடத்தில் கலைஞர்களுக்கான கூட்டுறவு வீடுகளைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சிற்பி டொனால்ட் ஜட், ஸ்பிரிங் தெரு 101ஐ முழுக் கட்டடமாக வாங்கினார். 1971இல் நகரம் இதைச் சட்டமாக்கியபோது, தொழில் மண்டலம் என்ற நிலையை மாற்றாமல், நகரப் பண்பாட்டுத் துறை சான்றளித்த கலைஞர்கள் மட்டும் இருந்து வேலை செய்யலாம் என்று அனுமதித்தது. அந்த வாசகம்தான் இன்றும் பல கட்டடங்களின் பயன்பாட்டுச் சான்றிதழில், அதாவது எந்தத் தளத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று நகரம் தரும் ஆவணத்தில், நிற்கிறது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சான்றிதழ். முகவரியைக் கொடுத்தால் நகரக் கட்டடத் துறையின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2021 டிசம்பரில் இப்பகுதிக்குப் புதிய மண்டலத் திட்டம் நிறைவேறியது. கலைஞர் குடியிருப்பைச் சாதாரணக் குடியிருப்பாக மாற்ற அதில் வழி உண்டு. ஆனால் அதற்குச் சதுர அடிக்கு 100 டாலர் என்று கட்டணம் வைத்தார்கள். உங்கள் பரப்புக்கு அது 1,90,000 டாலர். கட்டடப் பணிகளும் சான்றிதழ் மாற்றமும் தனி. அந்தக் கட்டணம் நீதிமன்றம் வரை சென்ற விவகாரம் என்பதால், தரகர் சொல்வதை ஏற்காமல் உங்கள் வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இந்த நிலையில் இருக்கும் வீட்டுக்குக் கடன் தரத் தயங்கும் வங்கிகளும் உண்டு. நாளை நீங்கள் விற்கும்போதும் அதே தயக்கம் எதிரே வந்து நிற்கும்.

ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு முதன்மையாகப் பட்டது வேறொன்று. உங்கள் மனைவி ஓவியர் என்கிறீர்கள். அப்படியானால் பண்பாட்டுத் துறையின் கலைஞர் சான்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாமே. அவர் தொடர்ந்து தொழில்முறையில் இயங்குகிறாரா, அந்த வேலைக்குப் பெரிய இடம் தேவைப்படுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். வீட்டில் ஒருவருக்குச் சான்று இருந்தால் குடும்பம் முழுவதும் முறைப்படி வசிக்கலாம். இந்த வீடுகள் யாருக்காக விடப்பட்டனவோ, அவர்களில் ஒருவர் வாங்க வருவது இப்போதெல்லாம் அரிது. கடிதத்தில் கையெழுத்திட்டு ஒளிந்து வாழ வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

இரண்டாம் பதில்

நான் கட்டடக் கலைஞர். பழைய லாஃப்ட்களைச் சீரமைப்பது என் தொழில். மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். வீட்டுக்குள் பார்க்க வேண்டியதைச் சேர்க்கிறேன்.

இவ்வகைக் கட்டடங்கள் பொதுவாக ஏறத்தாழ 25 அடி அகலமும் 100 அடி ஆழமும் கொண்ட மனைகளில் நிற்பவை. வெளிச்சம் முன்னாலும் பின்னாலும் மட்டுமே. பக்கச் சுவரில் சன்னல் இருந்தால் மகிழாதீர்கள். அது எல்லைக் கோட்டில் இருக்கிறது என்றால், பக்கத்து மனைக்காரர் உயர்த்திக் கட்டும் நாளில் அதைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டியிருக்கும். நடுவில் சன்னல் இல்லாத அறையை "இரண்டாவது படுக்கையறை" என்று காட்டியிருந்தால், சட்டப்படி அது படுக்கையறை அல்ல. விலை பேசும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். மர உத்திரங்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக எந்திரங்களைச் சுமந்து தொய்ந்திருக்கும். என் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் பலகை இடுக்குகளைச் சுத்தம் செய்தபோது, துருப்பிடித்த தையல் ஊசிகள் ஒரு கைப்பிடி அளவு வந்தன. தையல் எந்திரங்கள் எங்கே வரிசையாக நின்றன என்பதைத் தரையின் சரிவே காட்டியது. அதனால் அஞ்ச வேண்டாம். ஆனால் பொறியாளர் பார்க்காமல் ஒப்பந்தம் போட வேண்டாம்.

சோஹோ வார்ப்பிரும்பு வட்டாரம் 1973 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. தெருப்பக்கச் சன்னலை மாற்றக்கூட மரபுச்சின்னப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். முகப்பில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள்; ஒட்டாத இடங்களில் பிற்காலத்தில் கண்ணாடியிழையால் வார்த்து வைத்திருப்பார்கள். நடைபாதையில் வட்டக் கண்ணாடி பதித்த இரும்புத் தகடுகள் இருந்தால், அடியில் உள்ள நிலவறைக் கூரையின் நிலையையும் கேளுங்கள். அதைச் செப்பனிடும் செலவு பங்குதாரர்கள் எல்லோர் தலையிலும் விழும்.

மூன்றாம் பதில்

வரியை யாரும் சொல்லவில்லை. நியூயார்க்கில் 10 லட்சம் டாலரும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு வாங்குபவர் "மேன்ஷன் வரி" கட்ட வேண்டும். 30 லட்சம் முதல் 50 லட்சத்துக்குள் என்றால் 1.5 விழுக்காடு. 34 லட்சத்துக்கு 51,000 டாலர், அதுவும் கையிலிருந்து. கோ-ஆப் என்பதால் நீங்கள் வாங்குவது வீட்டையல்ல, நிறுவனப் பங்குகளையும் குத்தகையையும். எனவே கட்டடத்தின் பெயரில் உள்ள அடமானக் கடன், நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகள் இரண்டையும் படிக்காமல் முன்பணம் தராதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பயன்பாட்டுச் சான்றிதழை நேற்றிரவே பார்த்தோம். நான்காம் தளத்துக்கு எதிரே கலைஞர் குடியிருப்பு என்றுதான் எழுதியிருக்கிறது. இந்த ஒரு வாசகத்தை முதல் நாளே காட்டியிருந்தால் ஒரு வாரத் தூக்கம் கெட்டிருக்காது.

என் மனைவி விண்ணப்பிப்பது என்று முடிவு செய்துவிட்டோம். பத்தாண்டுக் கண்காட்சி அழைப்பிதழ்களையும் ஓவியப் படங்களையும் மேசை முழுவதும் பரப்பி வைத்து வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறார். சான்று கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்ற நிபந்தனையைச் சேர்க்கும்படி வழக்கறிஞரிடம் சொல்லியிருக்கிறோம். விற்பவர் அதற்கு இசையாவிட்டால் விட்டுவிடுவோம். பக்கச் சுவரில் இரண்டு சன்னல்கள் இருப்பதும் இப்போது நினைவுக்கு வருகிறது. வியாழக்கிழமை பொறியாளருடன் மறுபடி போகிறோம். கோலிக்குண்டும் காந்தமும் பையில் எடுத்து வைத்தாயிற்று.